முதல் குறையாத கொடை: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையில் தன்னார்வ ஆய்வும் அதன் நிதியும்

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம், சூழலியலைக் களத்தில் நின்று படிக்க விரும்புவோருக்கு வாய்ப்பான நிலப்பகுதியாகும். முட்டுக்காடு கழிமுகத்திலும் கோவளத்திலும் தொடங்கி, வடநெம்மேலி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வழியாகப் பாலாற்று முகத்துவாரத்தைக் கடந்து செய்யூர்ப் பக்கத்து உப்பங்கழிகள் வரை நீளும் கடற்கரை ஒரு புறமும், வேடந்தாங்கல், கரிக்கிலி முதலிய ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களும் மறுபுறமும் அமைந்திருப்பதால், கடலாமை முதல் கூழைக்கடா வரை பலவகை உயிர்களை ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் கவனிக்க முடிகிறது. இங்கு அரை நூற்றாண்டாகச் சேர்ந்துள்ள கள அறிவில் கணிசமான பங்கு, சம்பளம் பெறும் ஆய்வாளர்கள் அல்லாதவர்களால் திரட்டப்பட்டது. கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மீனவர்கள், ஏரிக்கரை விவசாயிகள் ஆகியோரின் பங்கு அது. முறையான அறிவியல் ஆய்வுக்கு வேண்டிய தரவுகளை, அத்துறையில் பட்டமோ பணியோ இல்லாத பொதுமக்கள் வகுக்கப்பட்ட ஒரு நெறிமுறைப்படி திரட்டித் தருவதையே இன்று குடிமக்கள் அறிவியல் என்கிறார்கள்.

இம்முறையைப் பாராட்டுவோர் பெரும்பாலும் முதலில் சொல்வது இது செலவில்லாதது என்பதைத்தான். அந்தப் பாராட்டே இதன் நிதிச் சிக்கலுக்குப் பெருங்காரணம் என்பது இச்சொற்பொழிவின் வாதம். தன்னார்வலரின் நேரம் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த நேரம் அறிவியலாக மாறுவதற்கு இடையில் நடக்க வேண்டிய வேலைகள், அதாவது பயிற்சி, ஒருங்கிணைப்பு, கருவி, தரவுச் சரிபார்ப்பு, பல ஆண்டுகள் அறுபடாமல் தொடர்வது ஆகிய எதுவும் இலவசமில்லை. இவற்றுக்கு வேண்டிய தொகை சிறியது, ஆனால் ஆண்டுதோறும் வேண்டியது. நம் நாட்டில் ஆய்வுக்கும் அறப்பணிக்கும் பணம் வரும் வழிகளோ பெரிய தொகையைக் குறுகிய காலத்துக்குத் தருவதற்கென்றே அமைந்தவை.

பங்குனி ஆமை என்று இக்கரையோரத்தில் அழைக்கப்படும் சிற்றாமையின் கதையிலிருந்து இதைப் பார்க்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு நேரத்தில் பெண் ஆமைகள் கரையேறி, மணலில் குழி தோண்டி, நூற்றுக்குச் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. நள்ளிரவுக்குப் பின் கரையில் நடப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் ஆமையை அன்று, அதன் தடத்தைத்தான்; ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்குமிடத்தில் கலைந்து கிடக்கும் மணற்பரப்பில், மெல்லிய கம்பியாலோ குதிகாலாலோ அழுத்திப் பார்த்து, மணல் இளகி உள்வாங்கும் இடத்தில் முட்டைக்குழியின் கழுத்து இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். நாய், நரி, மனிதர் ஆகியோரிடமிருந்து காக்க வேண்டிய இடங்களில் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில், ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில், குடுவை வடிவில் தோண்டிய குழிகளில் மீண்டும் புதைக்கிறார்கள். இதில் காலத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு கரு, முட்டையின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதால், அதன் பின்னர் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு அழியும். ஆகவே விடிந்தபின் நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்று இவ்வேலையைத் தள்ளிவைக்க இயலாது.

புதைத்த முட்டைகள் 45 முதல் 60 நாள்களில் பொரிகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது குழியின் வெப்பநிலை. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸைச் சுற்றிய ஒரு வரம்புக்கு மேல் மணல் சூடானால் பெண் குஞ்சுகள் மிகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். பொரிப்பகத்தின் மேல் நிழல்வலை போடுவதா, எந்த மாதத்தில் போடுவது என்ற சாதாரணமாகத் தோன்றும் முடிவு, அந்த ஆண்டின் குஞ்சுகளில் ஆண் பெண் விகிதத்தையே மாற்றக்கூடியது. குழிக்குள் வைக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவி இல்லாமல் இம்முடிவை எடுப்பது ஊகத்தின் பேரில் எடுப்பதேயாகும். கருவி பெரிய விலையுள்ளதன்று. ஆனால் அதை வாங்கவும், பழுதானால் மாற்றவும், பருவம் முடிந்ததும் பதிவுகளைப் பிரித்தெடுத்து ஆராயவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வந்து நடக்கப் பலர் இருக்கும் அமைப்புகளில் இந்த ஒருவர்தான் பெரும்பாலும் இருப்பதில்லை.

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிய இக்கரையில் ஆமை தேடி நடக்கும் பணி 1970களின் தொடக்கத்தில், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையுடன் தொடர்புடைய சதீஷ் பாஸ்கர் முதலியோரும் இரவில் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றியதில் வேர்கொண்டது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் பொரிப்பகம் நடத்தியது; 1980களில் வனத்துறை அதனை மேற்கொண்டது; 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையில் நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடை இன்றும் நடக்கிறது. 2002இல் நீலாங்கரையில் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, தெற்கே செங்கல்பட்டுக் கரையோரக் குப்பங்களில் மீனவ இளைஞர்களைக் கொண்டு கடலாமைப் பாதுகாப்புப் படையை அமைத்து, அவர்களுக்கு ஊக்கத்தொகையும் தந்துவருகிறது.

இவ்வரலாற்றை நிதியின் கண்கொண்டு படித்தால் ஒரு முரண் தென்படும். ஆய்வாளர்களும் கட்டடங்களும் ஆண்டு ஒதுக்கீடும் கொண்ட நிறுவனங்கள் சில ஆண்டுகள் இப்பணியைச் செய்துவிட்டு வேறு முன்னுரிமைகளுக்கு நகர்ந்தன. கையிருப்பு ஏதுமின்றித் தொடங்கிய மாணவர் குழு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்திருக்கிறது. பணம் இல்லாததே இதன் வலிமை என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. நீடித்தது நடையும் முட்டைகளைக் காக்கும் பணியும்; அதோடு சேர்ந்தே நீடித்திருக்க வேண்டிய நுட்பமான பதிவுகள், அதாவது ஒவ்வோர் இரவும் எத்தனை கிலோமீட்டர் நடக்கப்பட்டது, எந்த நேரத்தில், எத்தனை பேரால், எந்தப் பகுதி விடுபட்டது என்பன, எல்லா அமைப்புகளிலும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. அர்ப்பணிப்பால் நடையைக் காப்பாற்ற முடிந்ததுபோல் பதிவேட்டைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம், நடையில் உள்ள களிப்பு பதிவேட்டில் இல்லை.

பதிவேட்டின் விலை 2025 ஜனவரியில் வெளிப்பட்டது. சென்னை, செங்கல்பட்டு, அவற்றை ஒட்டிய கடற்கரைகளில் சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்தது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால், விசைப்படகுகள் மணிக்கணக்கில் இழுத்துச் செல்லும் இழுவலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி இறக்கிறது என்பதும், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியும், வலையிலிருந்து ஆமை வெளியேற வழிவிடும் ஆமை விலக்கிக் கருவியும் மீண்டும் பேசப்பட்டன. செத்த ஆமைகளை எண்ணியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களும் மீனவ இளைஞர்களும் வனத்துறைக் களப்பணியாளர்களுமே. எண்ணுவது எளிதென்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரே உடலை இருவேறு குழுக்கள் இருமுறை எண்ணாதிருக்க ஓட்டின் மேல் வண்ணம் பூசி அடையாளமிட வேண்டும். ஓட்டின் வளைவு நீளத்தை நாடாவால் அளக்க வேண்டும். வால் நீளம் கொண்டு ஆணா பெண்ணா என்று குறிக்க வேண்டும். எவ்வளவு அழுகியுள்ளது என்ற நிலையைப் பதிய வேண்டும், ஏனெனில் அதிலிருந்தே அது எத்தனை நாள்களுக்கு முன் இறந்தது என்பதைக் கணிக்க முடியும். இவற்றுக்கு மேலாக, முந்தைய ஆண்டுகளில் இதே கரையில் இதே அளவு முயற்சியுடன் தேடியபோது எத்தனை கிடைத்தன என்பது தெரிந்தால்தான், இவ்வாண்டு நேர்ந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்று வழக்கு மன்றத்தில் உறுதிபடச் சொல்ல இயலும். பேரிடர் நேர்ந்தபின் நிதி வருகிறது; ஒப்பிட வேண்டிய அமைதியான ஆண்டுகளுக்கு நிதி தருபவர் அரிது.

ஏரிப்பக்கம் திரும்பினால் நிலைமை சற்று வேறானது. வேடந்தாங்கல் ஏரியைப் பறவைகளுக்கு உரிய இடமாகக் காக்கும் மக்களின் உரிமையை 1798 வாக்கில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏற்றுக்கொண்டார் என்பதும், 1936இல் அது அரசு அங்கீகாரம் பெற்றது என்பதும் பலரும் அறிந்தவை. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில், பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்குப் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்பதை ஊரார் கண்டுணர்ந்தது, அறிவியலாளர் எவரும் வருவதற்கு முன் நடந்த குடிமக்கள் அறிவியல் என்றே கொள்ளலாம். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதும் இவ்வூரின் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் அந்தக் கணக்கும் உண்டு. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

இங்கே பறவைகளை எண்ணுவதிலும் நுட்பம் தேவை. ஏரி நடுவே நிற்கும் நீர்க்கடம்பு மரம் ஒன்றில் மேல்தட்டில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும், நடுவில் வெண்கொக்குகளும் அரிவாள்மூக்கனும், கீழே நீர்க்காகங்களும் வக்காக்களும் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கையில், கண்ணுக்குத் தெரியும் பறவைகளை எண்ணினால் இணையில் ஒன்று இரை தேடப் போயிருப்பது கணக்கில் வராது. ஆகவே கூடுகளை எண்ண வேண்டும். வக்கா அந்தி சாயும்போது இரைக்குக் கிளம்புவது, மற்றவை அந்நேரம் திரும்புவது. மாலை ஐந்தரைக்கு எண்ணும் குழுவும் காலை ஏழுக்கு எண்ணும் குழுவும் ஒரே ஏரியில் இருவேறு முடிவுகளைப் பெறும். தமிழ்நாடு வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு, 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் கழகம் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்களையே பெரிதும் நம்பியிருப்பதால், நேரம், இடம், முறை ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தித் தரும் பயிற்சிக்கு அதிக முக்கியத்துவம் உண்டு.

பறவைத் தரவுகள் பெரிய அளவில் பயன்படுவதற்குச் சிறந்த சான்று 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் இட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்ட அறிக்கை அது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கலையொட்டி நடத்தப்படும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அந்தத் தரவுக் கிடங்கில் சேர்கின்றன. ஒரு பறவையைக் கண்டேன் என்ற செய்தி மட்டும் இருந்திருந்தால் அவ்வறிக்கையை எழுதியிருக்க முடியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், கண்ட அனைத்தையும் எழுதினாரா என்ற விவரங்கள் ஒவ்வொரு பட்டியலிலும் இருந்ததால்தான், ஓரினம் குறைகிறதா, பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்களா என்பதைப் பிரித்தறிய முடிந்தது. இ-பேர்ட் தளத்தைப் பயன்படுத்துவோர் அதற்குக் காசு கொடுப்பதில்லை. ஆனால் 2002இல் அதைத் தொடங்கிய அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரவுக் கணினிகளுக்கும் பொறியாளர்களுக்கும் செலவிடுகிறது; இந்தியாவில் ஐயத்துக்குரிய பதிவுகளைச் சரிபார்க்கும் மாவட்ட அளவிலான ஆர்வலர்களும், அவர்களை ஒருங்கிணைக்கும் சிறு பணியாளர் குழுவும் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள்.

இவ்வகைத் தரவுகளின் குறையையும் சொல்லிவிட வேண்டும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை, அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டியல்கள் குவிகின்றன. ஏரி வற்றிய ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமையில் எவரும் வருவதில்லை. அங்கே கூடு கட்டும் பறவைகள் பல கிலோமீட்டர் சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் இரை தேடுகின்றன. அந்தப் பெயர் தெரியாத ஏரிகளுக்கும் பார்வையாளர் வருவதில்லை. வேடந்தாங்கலைச் சுற்றி 1998இல் 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு அறிவிக்கப்பட்ட காப்புப் பகுதியை 3 கிலோமீட்டராகக் குறைக்க 2020இல் முன்மொழிவு வந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தபோது, வாதத்தின் மையத்தில் இருந்திருக்க வேண்டிய வினா, மூன்றாவது கிலோமீட்டருக்கும் ஐந்தாவதுக்கும் இடைப்பட்ட வயல்களில் எந்தப் பறவை எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் மேய்கிறது என்பதே. தன்னார்வலரின் விருப்பத்துக்கு விட்டால் அவ்வயல்கள் பட்டியலில் ஏறா. அங்கே ஒருவரை அனுப்ப வேண்டுமானால் அவருடைய பேருந்துக் கட்டணத்துக்கும் அன்றைய கூலிக்கும் யாரேனும் பொறுப்பேற்க வேண்டும்.

தன்னார்வலரே பணமும் தந்து ஆய்வையும் நடத்தும் வழி ஒன்று உலகில் உண்டு. 1971இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட எர்த்வாட்ச் நிறுவனம், ஆய்வாளர் ஒருவரின் களப்பணியில் சில நாள்களோ வாரங்களோ பங்கேற்க விரும்புவோரிடம் பங்களிப்புத் தொகை பெற்று, அதில் ஒரு பகுதியை அந்த ஆய்வுக்கே தருகிறது. ஆய்வாளருக்குப் பணமும் கிடைக்கிறது, உதவிக் கைகளும் கிடைக்கின்றன. பிற்காலத்தில் நிறுவனங்களும் இதில் சேர்ந்தன. எச்.எஸ்.பி.சி. வங்கியின் ஆதரவில் 2012இல் தொடங்கிய நன்னீர்க் கண்காணிப்புத் திட்டத்தில் வங்கி ஊழியர்களே பயிற்சி பெற்று, நிறம் மாறும் எளிய சோதனைக் குழாய்களால் குளங்களிலும் ஓடைகளிலும் நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளைச் சோதித்தார்கள். உர ஓட்டமும் பறவை எச்சமும் கலக்கும் வேடந்தாங்கல் வட்டார ஏரிகளுக்கு மிகவும் ஏற்ற சோதனை அது. பள்ளி மாணவர்களாலும் செய்யக்கூடியது.

ஆயினும் இந்த முறையை இக்கரைக்கு அப்படியே கொண்டுவருவதில் தயக்கம் வேண்டும். காசு கொடுத்து வருபவர் ஆமையைப் பார்க்க வருவார், பாம்பைப் பார்க்கவும் வரக்கூடும். உப்பங்கழிச் சேற்றில் புழு எண்ண வருபவர் மிகக் குறைவு. எந்த ஆய்வு நடக்க வேண்டும் என்பதை அறிவியலின் தேவை தீர்மானிக்காமல் விருந்தினரின் ஆசை தீர்மானிக்கும் அபாயம் இதில் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இதைவிட ஆழமான குறை, பணமும் ஓய்வும் உள்ளவரை மட்டுமே குடிமகன் என்று இது எண்ணுவது.

களத்தை எல்லாரையும்விட நன்கறிந்தவர்கள் இங்கே வேறு சிலர். 1976இல் வடநெம்மேலியில் விட்டேகரும் அவர் துணைவியார் ஜாய் விட்டேகரும் பிறரும் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையின் வளாகத்தில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் செயல்படுகிறது. நஞ்சு முறிமருந்து தயாரிப்புக்கு வேண்டிய பாம்பு நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்புகளை மீண்டும் காட்டில் விடும் அமைப்பு அது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர் சமூகத்தின் அறிவு, கூலி பெறும் அறிவாக அங்கே மாறியது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அச்சமூகத்தவர் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள்; மோப்ப நாய்களும் கண்காணிப்புக் கருவிகளும் திணறிய சதுப்பில் அவர்கள் தடம், சட்டை, எச்சம் ஆகியவற்றைப் பார்த்தே பாம்பிருக்கும் இடத்தைக் கண்டார்கள். புளோரிடா அரசின் வன உயிர் ஆணையம் அப்பணிக்கு முறையாக நிதி ஒதுக்கியிருந்தது. 2023இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கடல் கடந்து சென்றபோது வல்லுநராக ஊதியம் பெறக்கூடிய ஒருவர், சொந்த மாவட்டத்தின் கணக்கெடுப்பில் வழிகாட்டியாக அழைக்கப்படும்போது ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு திருப்பியனுப்பப்படுவது முறையாகாது.

மீனவர்கள் வகையிலும் இதுவே நிலை. வாடை எப்போது திரும்பியது, கச்சான் எத்தனை நாள் வீசியது, கொண்டலோடு எந்த மீன் வந்தது, தூண்டில் வளைவு என்று அழைக்கப்படும் கற்சுவர் கட்டிய பின் எந்தக் குப்பத்தின் கரை எத்தனை அடி உள்வாங்கியது என்பவற்றை நாள்தோறும் எழுதிவைக்கும் மீனவர் ஒருவரின் குறிப்பேடு, விலை உயர்ந்த கருவிகள் தரும் தரவோடு ஒப்புநோக்கத் தக்கது. ஆனால் கடலுக்குப் போகாமல் கரையில் ஆமைக்காக விழித்திருக்கும் இரவு அவருக்கு வருமானமிழந்த இரவு. கல்லூரி மாணவருக்கு அது அனுபவம், மீனவருக்கு அது செலவு. ஊக்கத்தொகை தந்தால் தன்னார்வம் கெட்டுவிடும் என்ற கவலை, பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுபவர்களுடைய கவலையாகவே இருக்கிறது.

இனி, பணம் வரும் வழிகளைப் பார்க்கலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சூழல் சமநிலை, தாவர விலங்குகளின் பாதுகாப்பு ஆகியன அப்பணிகளில் அடங்கும். மறைமலை நகர், மகிந்திரா வேர்ல்டு சிட்டி, சிறுசேரி ஆகிய தொழில் வளாகங்களைக் கொண்ட மாவட்டத்துக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, தொடர் திட்டம் என்பது தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக அதிகபட்சம் மூன்றாண்டுகளே நீடிக்கலாம். ஒரு பங்குனி ஆமைக் குஞ்சு வளர்ந்து முட்டையிடக் கரைக்கு வருவதற்கு ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்று கணிக்கிறார்கள். திட்டத்தின் முதலாண்டில் கடலில் விட்ட குஞ்சு திரும்பி வரும்போது திட்டம் இருக்காது, திட்ட அலுவலர் இருக்கமாட்டார், அவருடைய கணினிக் கோப்பும் கிடைப்பது ஐயமே.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று அத்திருத்தத்தோடு வந்தது. ஓர் அமைப்பின் மூலதன நிதிக்கு, அதாவது செலவழிக்காமல் முதலீடு செய்து அதன் வருவாயை மட்டும் பயன்படுத்தும் வைப்புக்கு, நிறுவனங்கள் தரும் தொகை இனிமேல் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படாது என்று நிறுவன விவகார அமைச்சகம் தெளிவுபடுத்தியது. பணத்தைத் தேக்கிவைத்து வரிச்சலுகை மட்டும் அனுபவிப்பதைத் தடுப்பது இதன் நோக்கமாக இருக்கலாம். அது நியாயமான நோக்கமே. ஆனால் ஐம்பது ஆண்டுகள் தொடர வேண்டிய கண்காணிப்புப் பணிக்கு மிகப் பொருத்தமான நிதி வடிவத்தையும் அது அடைத்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடையின் வழியும், அதற்குரிய ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் குறுகிவிட்டது: நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, பெற்ற நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவது தடைசெய்யப்பட்டது. பெரிய அமைப்பொன்று வெளியிலிருந்து நிதி பெற்றுக் கிராமத்துச் சிறு குழுவுக்குப் பகிர்ந்தளித்த வழி இதனால் மூடப்பட்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்ற இலக்கோடு அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே திரட்டப்பட வேண்டியது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் முதன்மையாக நோக்கும் அமைப்பில், கொக்கிலமேட்டு மீனவர் சங்கமோ வேடந்தாங்கல் வட்டாரப் பள்ளியோ விண்ணப்பிக்கும் நிலை இன்னும் வரவில்லை.

எஞ்சியிருப்பது தனியார் அறக்கட்டளை. இது இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. வேடந்தாங்கலுக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையால் தேர்ந்த வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியில் ஆண்டுதோறும் தூர் எடுப்பதற்கென நிலமும் பொன்னும் கொடுத்த செய்திகளைப் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் பல இடங்களில் பதிந்துள்ளன. பொன்னை ஊர்ச்சபை பெற்றுக்கொண்டு, பொலிசை எனப்பட்ட வட்டியால் பணியை நடத்தும்; முதல் அப்படியே இருக்கும். கோயில் விளக்குக்குக் கொடுத்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதியதும் இதே கணக்கின்படிதான். கொடையாளியின் பெயரை ஒரு முறை வெட்டிவிட்டால் போதும் என்று விடாமல், எந்தப் பணி, எவர் பொறுப்பு, தவறினால் என்ன தண்டம் என்பதையும் சேர்த்து வெட்டினார்கள். தூர் என்பது ஓராண்டு எடுத்தால் தீர்வதன்று என்பதை அறிந்தவர்கள் அமைத்த நிதி ஏற்பாடு அது.

இன்றைய கணக்கில் சொன்னால், ஒரு கோடி ரூபாய் மூலதனம் பாதுகாப்பான வைப்பில் ஆண்டுக்கு 6 அல்லது 7 இலட்சம் ரூபாய் தரும். செயற்கைக்கோள் அடையாளக் கருவிகள் ஒவ்வொன்றும் சில இலட்சம் விலையாவதால் அவ்வகை ஆய்வுக்கு இது காணாது; காண வேண்டியதுமில்லை, அது அரசின் வேலை. ஆனால் பதிவேடுகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கும், நான்கு மாதப் பருவத்தில் சில மீனவர்கள், இருளர்கள் ஆகியோரின் இரவுக் கூலிக்கும், வெப்பநிலைப் பதிவுக் கருவிகளுக்கும், சிவப்பு ஒளி விளக்குகளுக்கும், நள்ளிரவில் பெண் தன்னார்வலர்கள் பாதுகாப்பாக வீடு திரும்பும் வாகனத்துக்கும், விபத்துக் காப்பீட்டுக்கும் அது ஏறத்தாழப் போதும். பணவீக்கம் வட்டியை அரித்துவிடும் என்பதால் வருவாயில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்கும் விதியும் தொடக்கத்திலேயே வேண்டும். பழைய அறக்கட்டளைகள் பலவற்றின் பரிசுத் தொகை இன்று ஒரு புத்தகம்கூட வாங்க இயலாத அளவுக்குத் தேய்ந்திருப்பதை எந்தக் கல்லூரி அலுவலகத்திலும் காணலாம்.

அத்தகைய நிதியின் விதிகளில் சேர வேண்டியவை இன்னும் சில உண்டு. பங்குனி ஆமை வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதையோ அதன் முட்டையையோ தொடுவதற்கே வனத்துறை அனுமதி தேவை. அனுமதி விண்ணப்பத்தை ஜூலையிலேயே அனுப்பும் பொறுப்பு ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் பிப்ரவரியில் வரும் அனுமதியால் பாதிப் பருவம் போய்விடும். முட்டைக்குழிகளின் துல்லியமான இடங்களை மறைத்து, மற்ற தரவுகள் யாவும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். முடிவுகள் ஆங்கில ஆய்விதழுக்குப் போகும் முன் குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் ஏரிப் பாசனச் சங்கத்தாருக்கும் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும். இழுவலைப் படகுகளைப் பற்றிய தரவாயின் இது இன்னும் கட்டாயம், ஏனெனில் சிறுபடகு மீனவரும் விசைப்படகு உரிமையாளரும் சில குடும்பங்களில் உறவினர், அக்கணக்கு எந்தப் பக்கம் பேசும் என்பதில் இருவருக்கும் அக்கறை உண்டு.

கூலி வழங்கும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். கண்டெடுத்த முட்டைக்குழி ஒன்றுக்கு இவ்வளவு என்று தருவது எளிது, கொடையாளிக்கும் பிடிக்கும். ஆனால் அது குழிகள் மிகுந்த இடத்துக்கே ஆளை இழுக்கும், ஒன்றும் கிடைக்காத கரைப்பகுதிகள் நடக்கப்படாமல் போகும், நாளடைவில் பொய்க் குழிகளும் பதிவேட்டில் ஏறும். நடந்த தொலைவுக்கும் நிரப்பிய படிவத்துக்குமே கூலி தர வேண்டும்; தடம் இல்லை, குழி இல்லை, இறந்த ஆமை இல்லை என்று மூன்று பத்திகளிலும் சுழியம் இட்டு, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் குறித்து, கையெழுத்திட்டு ஒப்படைக்கும் படிவத்துக்கு, ஆமை கண்ட இரவின் படிவத்துக்குரிய அதே தொகையை அந்த வாரமே, ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலோ சேர்ப்பது ஒருங்கிணைப்பாளரின் கடமையாக விதியில் எழுதப்பட வேண்டும்.